கை எழுந்த மறுநாள்

அத்தியாயம் 11

விழித்ததும் டீச்சர் தன் வலது கையைத்தான் பார்த்தாள். போர்வைக்கு வெளியே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது கிடந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. சொன்னால் கேட்கிற கைதான். நேற்று மாலை மட்டும் யாரும் சொல்லாததைச் செய்துவிட்டது.

நேற்று அவள் சதுக்கத்துக்குப் போனது சின்னவனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வரத்தான். இருபத்து நாலு வயதுப் பிள்ளையை அப்படியெல்லாம் இழுத்துவர முடியாது என்று தெரிந்தேதான் போனாள். காவல் கட்சியின் கூட்டம். பிழைக்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டால் ஊர் உருப்பட்டுவிடும் என்று சொல்கிற கட்சி. அத்தனை தலைகளுக்கு நடுவே மகனைத் தேட முடியாமல், நீரூற்றின் படியில் ஏறி நின்றாள்.

அப்போதுதான் அவர்கள் பாட்டைத் தொடங்கினார்கள். 'எங்கள் வீடு எங்களுக்கே, கதவைச் சாத்து, கதவைச் சாத்து.'

பாட்டு எடுபடவில்லை. முன்வரிசை முந்திக்கொண்டு ஓடியது. பின்வரிசை இழுத்தது. ஒலிபெருக்கியின் சத்தம் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்து நடுவில் இருந்தவர்களைக் குழப்பியது. சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அது தானாகவே அடங்கியிருக்கும்.

டீச்சரின் கை எழுந்தது.

இசைப் பள்ளியில் அதற்கு 'மூச்சுக் கை' என்று பெயர். பாட்டு தொடங்கும் முன் நடத்துபவரின் கை மேலே போகும். அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுப்பார்கள். கை இறங்கும், குரல் வரும். முப்பது வருடமாக அவள் தினமும் செய்கிற அசைவு. படிக்குக் கீழே நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், மூச்சை இழுத்தார்கள், பாடினார்கள். அவர்களைக் கேட்டு அடுத்தவர்கள், அவர்களைக் கேட்டு அதற்கும் அடுத்தவர்கள். மூன்றாவது அடிக்குள் சதுக்கம் முழுக்க ஒரே குரல்.

அந்தக் குரலைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. தன் சேர்ந்திசைக் குழுவிடமிருந்து அவள் ஒருமுறைகூட வாங்க முடியாத குரல் அது. ஒரு கணம், அந்த ஒரே கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

யாரோ படம் எடுத்தார்கள்.

*

சமையலறையில் பேச்சுச் சத்தமே இல்லை. சின்னவன் இரவு வீட்டுக்கு வரவில்லை. சுதிக்காரர் மேசைமேல் கம்பளித் துணியை விரித்துத் தன் ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கணவருக்குப் பியானோக்களுக்குச் சுதி சேர்க்கிற வேலை. ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

பெரியவள் போனை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"இதுல இருக்கிறது நீதானாம்மா?"

படத்தில் கை உயர்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'இசை ஆசிரியையே நம் பக்கம்!'

"நான்தான்."

"அங்க என்ன பண்ணிட்டிருந்தே?"

"உன் தம்பியத் தேடிட்டிருந்தேன்."

"கையத் தூக்கியா தேடுவாங்க?"

சுதிக்காரர் எட்டிப் பார்த்தார். "தலையையாவது வாரிக்கிட்டுப் போயிருக்கலாம் நீ" என்றார். வழக்கமாக அவர் இப்படிச் சொன்னால் யாராவது சிரிப்பார்கள்.

பின்னறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை நீலச் சீருடையில் வந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு இந்த ஊருக்கு வந்தவன். மொழி தெரியாமல் பள்ளியில் வாயே திறக்காத பையன், டீச்சரின் சேர்ந்திசைக் குழுவில்தான் முதன்முதலாக வாயைத் திறந்தான். திறந்தபோது வந்த குரலின் ஆழத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் 'கிணறு' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவிலேயே பாடிக்கொண்டிருந்த பெரியவள் அந்தக் கிணற்றில் விழுந்தது ஊருக்கே தெரிந்த கதை. கல்யாணத்துக்குப் பிறகு 'டீச்சர்' என்றவன் 'அத்தை' என்றும், 'வாடா' என்றவள் 'வாங்க மாப்பிள்ளை' என்றும் மாற்றிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் இரண்டு பேருக்குமே அதில் சிரிப்பு வரும்.

இன்றைக்கு அவன் டீயை நின்றுகொண்டே குடித்தான்.

"உக்காந்து குடிங்களேன் மாப்பிள்ளை."

"நேரமாச்சு அத்தை."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் கிளம்பியது. பேத்தி. நாலு வயது நிறையவில்லை. பொம்மையைத் தூங்கவைத்துக்கொண்டே பாடினாள். "எங்கள் வீடு எங்களுக்கே, கதவைச் சாத்து…"

அந்தச் சமையலறையில் இருந்த நாலு பெரியவர்களும் பாட்டுத் தெரிந்தவர்கள். குழந்தை ஒரு சுரம்கூடப் பிசகவில்லை என்பது நாலு பேருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"எங்கடி கத்துக்கிட்டே அதை?" என்றாள் பெரியவள்.

"உன் போன்லதான். பாட்டி சொல்லிக் குடுத்தாங்கல்ல எல்லாருக்கும்."

மாப்பிள்ளை குனிந்து மகளைத் தூக்கினான். "நாம வேற பாட்டுப் பாடலாமா?" என்றான். என்ன பாட்டு என்று குழந்தை கேட்டது. அவனுக்கு எதுவும் வரவில்லை. அவளை அம்மாவின் மடியில் இறக்கிவிட்டு, குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரேன் அத்தை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அவனுடைய தங்கும் அனுமதி அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது இரண்டு தரம் திரும்பிவிட்டது. எல்லைக்குப் பக்கத்து ஊரில் அவன் அண்ணன் இருக்கிறான். அங்கே போய்விடலாம் என்று அவன் எப்போதோ சொல்லிவிட்டான். பெரியவள்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னறை காலியாகிவிடக் கூடாது. டீச்சருக்கு இந்த உலகத்தில் இனி வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"ஏங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் துணியைச் சுருட்டிக் கட்டினார்.

"சுதி தானா இறங்கும். தானா ஏறாது" என்றார். "யாராவது ஏத்தணும். நேத்து நீ ஏத்திவிட்டே. நான் என்னத்தச் சொல்ல?"

*

இசைப் பள்ளியின் படிக்கட்டுச் சுவரில் டீச்சரின் வாக்கியம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஏதோ ஒரு ஆண்டு விழாவில் அவள் பேசியது. 'நாலு குரலைக் கேட்டுப் பாடக் கற்றவன் அடுத்தவன் குரலை நசுக்க மாட்டான்.' செவ்வியல் இசை படித்த பிள்ளை கெட்ட வழிக்குப் போகாது, வெறுப்பு அரசியலில் விழாது என்று பெற்றோர் கூட்டத்தில் அவள் அடித்துச் சொல்வாள். சொல்லும்போது நம்பித்தான் சொன்னாள். இன்றைக்கு அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பாமல் ஏறினாள்.

பள்ளி முதல்வர் மாடியிலேயே காத்திருந்தார். மனிதர் முகத்தில் கவலையும் பூரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ஒம்பது பேர் பிள்ளைகளை நிறுத்திட்டாங்க டீச்சர். இந்த மாதிரி ஆளுகிட்ட அனுப்ப மாட்டோம்னு."

"ம்."

"ஆனா இன்னைக்குக் காலையில மட்டும் இருபது பேர் புதுசா சேர வந்திருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி டீச்சர்கிட்டதான் அனுப்புவோம்னு."

அவள் தன் அறைப்பக்கம் நடந்தாள்.

"உங்க அறையில ஆள் இருக்கு" என்றார் முதல்வர். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேட்கிற ஆளா அவங்க?"

அறையில் இரண்டு பேர். ஒருவன் சின்னவன். நேற்றைய சட்டையிலேயே இருந்தான். பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன், இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தூங்காத கண்ணில் ஒரு வெளிச்சம். மற்றவன் அவள் நுழைந்ததும் சட்டென்று எழுந்து நின்றான். கட்சியின் வட்டாரச் செயலாளர். இஸ்திரி கலையாத சட்டை.

"டீச்சருக்கு என்னை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "ரெண்டாம் வரிசை" என்றாள். "முடிக்க வேண்டிய இடத்துல முடிக்காம இழுப்பே."

"மேடையிலயும் அதையேதான் சொல்றாங்க டீச்சர்." சந்தோஷமாகச் சிரித்தான். "எங்க கட்சில உங்ககிட்டப் படிச்சவங்க எத்தனை பேர்னு தெரியுமா?"

"எதிர்க்கட்சில?"

"அங்கயும் இருக்காங்க. எந்தக் கட்சியும் வேண்டாம்னு வீட்டுக்குள்ள உக்காந்து வயலின் வாசிக்கிறவங்கதான் ஜாஸ்தி." அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கணக்கெடுத்தவன் மாதிரி சொன்னான். "படிக்கட்டுல மாட்டியிருக்கே, உங்க வாக்கியம். போன மாசம் மேடையில சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்ல. சேர்ந்து பாடறவன் பிரிஞ்சு நிக்க மாட்டான்."

"நான் அப்படிச் சொல்லல."

"கிட்டத்தட்ட அதுதானே டீச்சர்?"

இல்லை என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். முப்பது வருடம் கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூட அந்த நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை.

"வர்ற சனிக்கிழமை பெரிய கூட்டம்" என்றான் அவன். "நீங்க மேடையில நின்னு நடத்தணும். பேச வேண்டாம். கையைத் தூக்கினாப் போதும்."

"நேத்து நடந்தது தப்பு. பாட்டு சிதறிச்சு. பொறுக்க முடியல. அவ்வளவுதான். நான் உங்க பக்கம் இல்ல."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்!" சின்னவன் பாய்ந்து வந்தான். "ஊரு சிதறிப்போச்சு, பொறுக்க முடியல. நேத்து நீ கையத் தூக்கினப்போ எனக்கு அழுகையே வந்திருச்சு. நம்ம அம்மாவுக்கும் புரிஞ்சிருச்சுன்னு."

"டேய், அது வேற, இது வேற."

"எப்படி வேற? நீயே சொல்லு. குழுவுல ஒருத்தனுக்கு சுதி சேரலேன்னா என்ன பண்ணுவே?"

அவள் மேசைமேல் கிடந்த இசைத் தாள்களை அடுக்கினாள்.

"வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாதுன்னுவே. அப்பவும் கெடுத்தான்னா வெளிய போய் நில்லுன்னுவே. ஏழு வயசுலேர்ந்து நான் பார்த்துட்டிருக்கேன். பாட்டு நல்லா வரணும்னா சிலபேர் வெளிய நிக்கணும். எங்களுக்கு அதை யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நன்றியோடு கேட்டான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வெளியே நின்ற பிள்ளைகளின் முகங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. இரண்டு மூன்றுதான் வந்தன. மற்ற முகங்களை அவள் கவனித்ததே இல்லை. கதவு மூடியதும் குழுவின் சத்தம் எவ்வளவு சுத்தமாகிறது என்பதைத்தான் கவனித்திருக்கிறாள்.

"நீ போய் வண்டியைத் திருப்பி நிறுத்து" என்று செயலாளர் சின்னவனிடம் சொன்னான். காலடிச் சத்தம் படியிறங்கும்வரை காத்திருந்தான்.

"மாப்பிள்ளையோட அனுமதி ரெண்டு தரம் திரும்பிருச்சாமே?"

டீச்சர் அறைக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"அந்த அலுவலகத்துல மேல இருக்கிறவர் நமக்கு வேண்டியவர். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை காலையில அனுமதி கைக்கு வரும். எங்க போனாலும் செல்லும்."

"வெளிய போன்னு பாடறதும் நீங்க, உள்ள இருன்னு சொல்றதும் நீங்களா?"

"நமக்கு வேண்டியவங்க வெளியாள் கிடையாது டீச்சர்." எழுந்துகொண்டான். "மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மானஸ்தர்னு கேள்விப்பட்டேன். எங்க மூலமா வந்ததுன்னு தெரிஞ்சா வாங்க மாட்டார். உங்க பையனுக்கும் தெரிய வேண்டாம். யோசிச்சுட்டு ராத்திரிக்குள்ள ஒரு போன் போடுங்க."

வாசல்வரை போனவன் திரும்பினான். "நீங்க நடத்தின அந்தப் பழைய நாலு குரல் பாட்டு… நான் இன்னமும் வண்டியில போறப்போ கேக்கறேன் டீச்சர். கண்ணு கலங்கிரும்."

பொய் சொல்கிற முகமில்லை அது.

*

நாலு மணி ஒத்திகைக்கு வரிசைகளில் ஓட்டை விழுந்திருந்தது. வந்தவர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசி வரிசையில், சீருடையைக்கூட மாற்றாமல், மாப்பிள்ளை நின்றிருந்தான். அவன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பியானோக்காரர் ஆரம்பச் சுரத்தை வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் கையைத் தூக்க வேண்டும். கை தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கினால் இவர்கள் மூச்சை இழுப்பார்கள். ஏன் என்று கேட்காமல், என்ன பாட்டு என்று பார்க்காமல்கூட இழுப்பார்கள். அப்படி இழுக்கத்தான் வருடக்கணக்கில் பழக்கியிருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் போய்விட்டது.

"இன்னைக்கு ஒத்திகை இல்ல" என்றாள். "போங்க."

அவர்கள் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் எப்போதும்போல நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினான். அவளும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாதிக் கூடம் காலியானது.

"என் கை தானா எழுந்திருச்சு மாப்பிள்ளை" என்றாள் கடைசியில்.

"தெரியும் அத்தை."

"நான் வேணும்னு செய்யல."

"அதுவும் தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். சரியாப் போயிருக்கும்."

நாற்காலியைக் கீழே வைத்தான்.

"நேத்து நான் அங்கதான் இருந்தேன்."

"எங்க?"

"சதுக்கத்துல. மூலைக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. முடிச்சுட்டு வெளிய வந்தா கூட்டம். பஸ் ஸ்டாப்பைத் தாண்ட முடியல. கருவிப் பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவங்க பாட ஆரம்பிச்சாங்க. கேவலமாப் பாடினாங்க. உள்ளுக்குள்ள சிரிச்சேன்கூட." நிறுத்தினான். "நிமிர்ந்து பார்த்தேன். நீங்க படி மேல நிக்கிறீங்க."

அவள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கையைத் தூக்கினீங்க டீச்சர்." பல வருடம் கழித்து அவன் வாயில் அந்தச் சொல் வந்தது. அவனுக்கே தெரியாமல் வந்தது. "நான் மூச்சை இழுத்தேன்."

"மாப்பிள்ளை…"

"கை இறங்குச்சு. நானும் பாடிட்டேன். முதல் அடி முழுசா. என்ன பாடறேன்னு ரெண்டாவது அடியிலதான் தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு அம்மா கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்னைத் திரும்பிப் பார்த்து, 'எவ்வளவு அருமையான குரல்'னாங்க. சிரிச்சாங்க."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போயிருப்பாள்.

"சனிக்கிழமை நீங்க மேடையில நடத்தப் போறீங்கன்னு மத்தியானம் தம்பி அவன் அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கான். போவீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். திங்கட்கிழமை காலை கைக்கு வரும் என்ற குரல் குறுக்கே வந்து நின்றது. அடுத்த மாதம் அனுமதி முடிந்தபின் எல்லை ஊரில் இவனுக்கு என்ன ஆகும்? சோதனையில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இவனை மட்டும்.

"தெரியல" என்றாள்.

அவன் மிச்ச நாற்காலிகளையும் அடுக்கி முடித்தான்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல அத்தை. உங்க கைக்கு எட்டாத இடத்துல போய் இருக்கணும். அவ்வளவுதான். இன்னைக்கே கிளம்பறோம்."

*

வீட்டுக்கு வந்தபோது பின்னறைக் கட்டிலில் இரண்டு பைகள் வாய் திறந்திருந்தன. பெரியவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அம்மா வந்தது தெரிந்தும் மகள் நிமிரவில்லை. சுதிக்காரர் கூடத்துப் பியானோவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், உள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தார்கள். அவள் நெடுநேரம் அதையே பார்த்தாள்.

மூன்று பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே பாட்டைக் கற்றுக்கொண்டு போனார்கள். ஒருவன் 'கதவைச் சாத்து' என்று ஊரைப் பாடவைக்கிறான். ஒருவன் அதைக் கண்ணீரோடு பாடுகிறான். ஒருவன், வெளியே தள்ளப்பட வேண்டியவன், அவனும் பாடிவிட்டான். பாட்டு மூன்று பேரையும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அது நல்லவர்களை உண்டாக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் தான் ஒருத்திதான்.

அது எதையும் உண்டாக்காது என்றால், அதைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டால்தான் என்ன? எப்படியும் இவர்கள் போகப் போகிறார்கள். போகிற இடத்திலாவது யாரும் கதவைத் தட்டாமல் இருக்கட்டும்.

செயலாளரின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க டீச்சர்."

"வரேன்."

"ரொம்ப நன்றி டீச்சர். வேற ஏதாவது வேணுமா?"

"வெள்ளிக்கிழமை ஒரு ஒத்திகை வேணும்."

அவன் சிரித்தான். "அத்தனை கூட்டத்துக்கு ஒத்திகையா?"

"நல்லாப் பாடறவங்க அறுபது பேர் போதும். அவங்களைக் கூட்டத்துல அங்கங்க பிரிச்சு நிறுத்துவேன். மத்தவங்க தானாப் பின்னால வருவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவளுக்குக் கேட்டது. தெளிவாக, பதறாமல், வகுப்பில் பேசுகிற குரல். அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியே செஞ்சிடலாம்" என்றான்.

போனை அணைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் கதவு திறந்தது. பெரியவள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒன்று இருந்தது.

"அம்மா, உள்ள வா. பேசிப் பேசி ஒரு வழியா அவரைச் சம்மதிக்க வெச்சுட்டேன்."

"என்னது?"

"போகலம்மா நாங்க. பையைப் பிரிச்சிட்டிருக்கேன்." அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். சனிக்கிழமை போகமாட்டேன்னு நீ உன் வாயால சொல்லணுமாம். சொல்லிட்டா இங்கயே இருக்கலாம், அனுமதிக்கு வேற வழி பார்த்துக்கலாம்னார். நீ தெரியலன்னு சொன்னதுலதான் அவருக்கு மனசு விட்டுப்போச்சாம். வாம்மா, சொல்லிடு."

டீச்சர் போனைக் கைக்குள் மூடிக்கொண்டாள். மகள் இழுத்த இழுப்புக்குப் போனாள்.

சமையலறையில் மாப்பிள்ளை அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். சுதிக்காரர் எழுந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். குழந்தை பொம்மையோடு வந்து பாட்டியின் முழங்காலில் சாய்ந்தது.

"உக்காருங்க அத்தை" என்றான் மாப்பிள்ளை.

அவள் உட்காரும்போது உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. சின்னவன்.

"எடும்மா. அவன்கிட்டயே சொல்லிடு, எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்று பெரியவள் போனை வாங்கினாள். டீச்சர் தடுப்பதற்குள் பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அம்மா!" சின்னவனின் குரல் சமையலறை முழுக்க நிறைந்தது. "செயலாளர் இப்பத்தான் சொன்னார். எனக்குத் தெரியும்மா, நீ ஒத்துக்குவேன்னு! வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நான்தான் முதல் ஆளா நிப்பேன். அறுபது பேரையும் நானே பொறுக்கித் தரேன். அம்மா? கேக்குதா?"

பெரியவள் போனை அணைத்தாள். அணைத்த விரலை அங்கேயே வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை அவசரப்படாமல் பக்கத்தில் வந்தான். குழந்தையைப் பாட்டியின் முழங்காலிலிருந்து மெல்லப் பிரித்துத் தூக்கிக்கொண்டான். பின்னறைக்குப் போனான். பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"எப்ப சொன்னே?" பெரியவளின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "இப்பவா? அந்தக் கதவுக்குப் பின்னால நின்னா? ஏம்மா?"

ஒரு வார்த்தை போதும். அனுமதி என்று சொன்னால்கூடப் போதும், மகளுக்குப் புரிந்துவிடும். ஆனால் பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர். காதில் விழுந்தால் அவன் அந்த அனுமதியைத் தொட மாட்டான். விழாவிட்டால் வாங்கிக்கொள்வான், எந்த ஊரிலிருந்தாவது, யார் கொடுத்தது என்று தெரியாமல்.

"ஏம்மா?" என்றாள் பெரியவள் மறுபடியும்.

சுதிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்.

டீச்சர் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.